மூன்று கிண்ணங்களும் இரண்டு காதுகளும்

சனிக்கிழமை காலை ஏழேகால் மணிக்குச் சிக்கல் பஸ் நிறுத்தத்தில் ராமநாதபுரம் வண்டிக்காக நின்றபோது என் கையில் ஒரு மஞ்சள் பை இருந்தது. பைக்குள் நெல்லிக்காய் அளவில் மூன்று கம்பளிப் பந்துகள், இரண்டு எலுமிச்சம்பழங்கள். இவற்றோடு இருக்க வேண்டிய மூன்று செம்புக் கிண்ணங்கள் மட்டும் இல்லை. அவை கண்மாய்க் கரையில், என் தங்கை வீட்டுக் குலசாமியின் காலடியில் இருந்தன. ஒன்றில் திருநீறு, ஒன்றில் குங்குமம், ஒன்றில் சந்தனம்.

நான் கோயம்புத்தூரில் ஒரு பம்புசெட் கம்பெனியில் பில் போடுகிறவன். பொழுதுபோக்குக்கு மந்திரவாதி. கவிழ்த்து வைத்த மூன்று கிண்ணங்களுக்கு அடியில் பந்துகள் வரும், மறையும், இடம் மாறும், கடைசியில் பந்து இருக்க வேண்டிய இடத்தில் எலுமிச்சம்பழம் உட்கார்ந்திருக்கும். அந்த ஒரு வித்தைதான் எனக்குத் தெரியும். எங்கள் குடியிருப்பில் பிறந்தநாள் கேக் வந்து சேரத் தாமதமானால் என்னைக் கூப்பிடுவார்கள். கேக் வந்ததும் நிறுத்தச் சொல்லிவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை சிக்கலுக்கு வந்திறங்கியதும் சாமி கும்பிடப் போனோம். சும்மா இருந்திருக்கலாம். பெருமைக்காகக் கிண்ணங்களையும் எடுத்துப்போய், "இதையும் சாமி காலடியில வச்சுக் குடுங்க" என்று பூசாரியிடம் நீட்டினேன். வைத்தார். கொடுக்கவில்லை. அந்தக் கோயிலில் தேங்காய் பாதி திரும்பி வரும், பழம் திரும்பி வரும், பாத்திரம் மட்டும் உள்ளே போனால் சாமிக்குத்தானாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததை யார் யாருக்குச் சொல்வார்கள்?

"திருநீறு வைக்கப் பாங்கான பாத்திரம் இல்லையேன்னு ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டே இருந்தேன். ஒங்க மனசுல சாமி வந்து சொல்லியிருக்கு பாருங்க" என்று பூசாரி கண் கலங்கினார். என் கண்ணும் கலங்கியது. தங்கை கணவர் முருகேசன் என் காதோடு, "கேட்டுக்கீட்டு வச்சுறாதீக மச்சான். கையெடுத்துக் கும்புட்டு வாங்க" என்றார். கும்பிட்டு வந்தேன்.

அந்தக் கிண்ணங்கள் ஞாயிற்றுக்கிழமைக்குத் தேவைப்பட்டன. ஞாயிறு காலை அதே கண்மாய்க் கரையில் தங்கை செல்வியின் மகள் தர்ஷினிக்குக் காதுகுத்து, இரண்டாம் தடவையாக. முதல் தடவை அவளுக்கு ஐந்து வயது. ஊரே கூடி, கிடாய் வெட்டி, தாய்மாமனான என் அண்ணன் மடியில் உட்காரவைத்து ஒரு காதைக் குத்தினார்கள். அடுத்த காதுக்கு ஊசி திரும்புவதற்குள் பிள்ளை வழுக்கிக்கொண்டு ஓடி மிளகாய்க் காட்டுக்குள் புகுந்துவிட்டாள். கெஞ்சியும் மிரட்டியும் வரவில்லை. விருந்து மட்டும் குறையில்லாமல் நடந்தது. குத்திய துளையும் தூர்ந்துபோனது. அன்றிலிருந்து சொந்தக்காரப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அவள் 'ஒத்தக்காது'. இப்போது ஏழு வயது. காது தெரியக் கூடாது என்று முடியை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டுதான் வெளியே போகிறாள் என்று செல்வி சொன்னாள்.

அண்ணன் துபாய்க்குப் போய்விட்டதால் இந்தத் தடவை என் மடி. போன மாதம் தர்ஷினியே எனக்குப் போன் பண்ணி, ரகசியக் குரலில் கேட்டாள். "மாமா, குத்தும்போது ஓடாம இருக்க ஏதாச்சும் மந்திரம் இருக்கா?"

ஓட வேண்டாம் என்றுதான் அவளும் நினைக்கிறாள், கால் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்லும் நெஞ்சுரம் எனக்கு இல்லை. "இருக்கு தாயி. மாமா வித்தை காட்டுவேன். நீ கிண்ணத்தையே பாத்துக்கிட்டு இருப்ப. காது குத்துனதே தெரியாது" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அதனால்தான் சனிக்கிழமை காலையில் கிண்ணம் தேடிப் புறப்பட்டது.

சிக்கலிலிருந்து ராமநாதபுரம் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். வழியெல்லாம் சீமைக்கருவேலம், இடையிடையே சிவப்புச் சமுக்காளம் விரித்தாற்போல் மிளகாய்க் களங்கள். ஜன்னலோரம் கிடைத்தது. காற்றோடு மிளகாய் நெடியும் வந்ததால் நான் அழுதுகொண்டே போனேன். பக்கத்து சீட்டுக்காரர் என் பையிலிருந்த எலுமிச்சம்பழத்தையும் என் கண்ணையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பேய் ஓட்டவா போறீக?" என்று பரிவோடு விசாரித்தார்.

ஒன்பது மணிக்கு அரண்மனைப் பக்கத்தில் ஒரு பாத்திரக் கடைக்குள் நுழைந்தேன். கடைக்காரர் வெள்ளைத் தொப்பி போட்ட பாய். டம்ளர் வேண்டும் என்றதும் முப்பது தினுசு எடுத்து வைத்தார். நான் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, தலையில் தட்டி, காதில் வைத்துக் கேட்டேன்.

"தம்பி, டம்ளர நிமித்தி வச்சுப் பாருங்க. தண்ணி குடிக்கிறதுக்குத்தானே?"

"இல்ல பாய், கவுத்து வைக்கிறதுக்கு."

அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். நான் வெயிலில் வந்தவன் என்று நினைத்திருக்க வேண்டும்.

விஷயத்தைச் சொன்னேன். வித்தைக்காரன் தொழில் ரகசியத்தை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. ஆனால் என் வித்தையைப் பார்த்தவர்களுக்கெல்லாம் அது ஏற்கெனவே தெரியும் என்பதால் நான் தாராளமாகச் சொல்வேன். கிண்ணங்கள் ஒன்றுக்குள் ஒன்று இறங்க வேண்டும், இறங்கியபின் நடுவில் ஒரு பந்து ஒளிந்துகொள்ள இடம் இருக்க வேண்டும். கவிழ்த்தால் மேலே வரும் அடிப்பாகத்தில் பந்து உருளாமல் நிற்கச் சின்னப் பள்ளம் வேண்டும். கடைசியில் எலுமிச்சம்பழம் அடங்க வேண்டும். முக்கியமாக, பந்து உள்ளே விழும்போது ஊரைக் கூட்டக் கூடாது.

பாய்க்கு உற்சாகம் வந்துவிட்டது. எவர்சில்வர் டம்ளர் மூன்றை ஒன்றுக்குள் ஒன்று செருகினார். செருகியது செருகியதுதான். ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். வரவில்லை. உள்ளிருந்து வெந்நீர் வரவழைத்து ஊற்றி, குளிர்ந்த நீர் ஊற்றி, கடைசியில் கல்லாப் பெட்டி மூலையில் ஒரு தட்டு தட்டிப் பிரித்தார். காதுகுத்தில் வெந்நீர் கேட்டால் அந்தப் பிள்ளை ராமேஸ்வரம் வரைக்கும் ஓடிவிடும் என்று எனக்குத் தோன்றியது. பிளாஸ்டிக்கில் உள்ளே இருப்பது நிழலாகத் தெரிந்தது. வேடிக்கை என்னவென்றால், அவர் எனக்கு வாங்கிக்கொடுத்த டீயின் காகிதக் கப்பில் எல்லா இலட்சணமும் பொருந்தியிருந்தது. இடைவெளியும் உண்டு, அடியில் பள்ளமும் உண்டு. ஃபேன் காற்றில் அது தானாகவே கல்லாவிலிருந்து குதித்தது. கண்மாய்க் கரைக் காற்றுக்கு நிற்காது.

முடிவில் வாயகன்ற பித்தளை டம்ளர் மூன்று. கனம், அழகு, நன்றாகச் செருகிப் பிரிகிறது. சத்தம் மட்டும் கோயில் மணி. அடியில் துணி ஒட்டிக்கொள்ளலாம் என்று சமாதானமானேன். ஐந்நூற்று எழுபது ரூபாய். பணத்தை எண்ணிவிட்டுத் திரும்புவதற்குள் மூலையிலிருந்து 'டிர்ர்ர்' என்று ஒரு சத்தம். பெயர் வெட்டும் மெஷின்.

"வேணாம் பாய், வேணாம்!"

"காசு வாங்க மாட்டேன் தம்பி. மாமன் சீருன்னா பேரில்லாம எப்புடி?"

மூன்றிலும் பளபளவென்று வெட்டிவிட்டார்: 'தர்ஷினி காதணி விழா, மாமன் அன்பளிப்பு'. உலகத்தில் எந்த மந்திரவாதியின் கிண்ணத்திலும் அன்பளிப்பு என்று எழுதியிருக்காது. திருப்பிக் கொடுக்கவும் முடியாது. "சத்தமில்லாம வேணும்னா ராமேஸ்வரத்துல பாருங்க. சிரட்டை, மரம், ஓலைன்னு என்னென்னமோ விக்கிறாங்க. புள்ள காதுக்கு அல்லா நல்லபடியா ஆக்கித் தருவான்" என்று பாய் வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

பதினொன்றரை மணிக்கு ராமேஸ்வரம் பஸ். ஐம்பத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய். என் பக்கத்தில் கடலாடியிலிருந்து மாமனார் திதிக்குப் போகும் ஓர் அம்மா. அவருடைய கணவர் அடுத்த சீட்டில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். டம்ளரில் வெட்டியிருந்ததைப் படித்துவிட்டு அந்த அம்மாவே பேச்சைத் தொடங்கினார். நான் தர்ஷினி கதையைச் சொன்னேன். 'ஒத்தக்காது' என்றதும் அவர் முகம் மாறியது. "புள்ளையப் போயி அப்புடிச் சொல்லுதுகளா? வாய்ல சூடு வைக்கணும்" என்றார்.

அந்த ஆதரவில் எனக்கு வேகம் வந்துவிட்டது. மஞ்சள் பையை மடியில் விரித்து, டம்ளர்களைக் கவிழ்த்து, அங்கேயே வித்தையை ஆரம்பித்தேன். உச்சிப்புளி தாண்டி ஒரு வேகத்தடை வந்தது. மூன்று டம்ளர்களும் மூன்று திசைக்குப் போயின. ஒன்று ஓட்டுநர் காலடி வரை உருண்டுபோய் மணியடித்தது. அவர் பிரேக் போட்டார். பஸ் முழுக்க என் பெயரைத் தவிர எல்லாப் பெயரையும் சொல்லி என்னை அழைத்தது. டம்ளர்கள் கைமாறிக் கைமாறித் திரும்பி வந்தன. வரும்போதே எல்லோரும் அன்பளிப்பைப் படித்துவிட்டார்கள்.

அந்த அம்மா சிரித்து முடித்துவிட்டு, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார். "ஏப்பா, ஒரு சந்தேகம். நீதான தாய்மாமன்?"

"ஆமாம்மா."

"ஒம் மடியிலதான புள்ள ஒக்காரும்?"

"ஆமா."

"ஒரு கை புள்ளையோட தாடையப் புடிக்கணும். இன்னொரு கை ரெண்டு கையையும் சேத்துப் புடிக்கணும். இல்லாட்டி ஆசாரி குத்த மாட்டாரு. அப்ப இந்தக் கிண்ணத்த எந்தக் கையால தூக்குவ?"

நான் என் இரண்டு கைகளையும் பார்த்தேன். மூன்றாவதாக ஒன்று எங்காவது இருக்கிறதா என்றும் பார்த்திருப்பேன். ஒரு மாதமாகக் கிண்ணத்தின் வாய், அடி, கனம், சத்தம் எல்லாவற்றையும் யோசித்தவன் கையை யோசிக்கவில்லை. காதுகுத்தில் தாய்மாமன் செய்ய வேண்டிய ஒரே வேலை பிள்ளையைப் பிடித்துக்கொள்வது. அது அந்தப் பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்தவருக்குக்கூடத் தெரியும். உண்மையில் அவர் தூங்கவில்லை. கண்ணைத் திறக்காமலே, "மூணு கிண்ணம் வாங்குனவரு மூணு கையும் வாங்கியிருக்கணும்" என்றார். மறுபடியும் பஸ் சிரித்தது. இந்தத் தடவை ஓட்டுநரும்.

பாம்பன் பாலம் வந்தது. புதிதாக வருகிறவர்கள் எழுந்து ஜன்னலுக்கு ஓடினார்கள். கீழே படகுகள் வண்ணம் வண்ணமாக ஆடிக்கொண்டிருந்தன. பக்கத்தில் புது ரயில் பாலம். உப்புக் காற்றோடு கருவாட்டு வாசனை ஏறி உட்கார்ந்தது. இத்தனை அழகான கடலை இத்தனை அசட்டு முகத்தோடு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இறங்கும்போது அந்த அம்மா என் தோளைத் தட்டி, "மனச விட்டுறாத. புள்ள கையி சும்மாதான இருக்கும்?" என்று சொல்லிவிட்டுக் கணவரை எழுப்பப் போய்விட்டார்.

எனக்கு அது மண்டையில் இறங்கச் சற்று நேரம் ஆனது. பிள்ளை கை! கைக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டால் அதைப் பிடிக்க வேண்டியதில்லை. நான் தாடையையும் தோளையும் பிடித்துக்கொள்கிறேன். கிண்ணத்தை அவள் தூக்கட்டுமே. உடனே செல்விக்குப் போன் செய்தேன்.

"செல்வி, தர்சு கைக்குள்ள எம்புட்டுப் பெரிய கிண்ணம் அடங்கும்?"

"அவ தண்ணிச் சொம்பையே ரெண்டு கையாலதான் தூக்குவா. ஏண்ணே, ராமேஸ்வரத்துல நின்னுக்கிட்டு இதையா கேப்ப? தீர்த்தமாடுனியா இல்லையா?"

தீர்த்தமாடவில்லை. சன்னதித் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினேன். சிரட்டைக் கிண்ணம் வழவழவென்று நன்றாகத்தான் இருந்தது. கவிழ்த்தால் தலை உருண்டை, அதில் பந்து நிற்பதாவது. மரக் கிண்ணம் கனம். சங்கைக்கூட ஒரு கடைக்காரர் சிபாரிசு செய்தார். பக்கவாட்டில் ஒரு நடைபாதைக் கடையில் ஓர் அக்கா மூடிபோட்ட சின்னப் பனையோலைப் பெட்டிகளை, கொட்டான்களை, கட்டுக் கட்டாகச் சாக்கில் அடுக்கிக்கொண்டிருந்தார். பரமக்குடியில் ஒரு கல்யாணத்துக்கு, வருகிறவர்களுக்குத் தாம்பூலம் போட்டுக் கொடுக்க ஐந்நூறு கொட்டான் ஆர்டராம். மூச்சு விட நேரமில்லை அவருக்கு.

"மூணு மட்டும் குடுங்கக்கா. மூடி வேணாம்."

"மூடியில்லாத கொட்டானுல என்னத்தண்ணே மூடி வைப்பீக?"

"ஒண்ணும் வைக்க மாட்டேன். கவுத்திருவேன்."

"அப்ப எதுக்குண்ணே கொட்டான்? வெறும் தரையவே வாங்கிட்டுப் போங்களேன்" என்றார். பக்கத்துக் கடை வளையல்காரர் சத்தமாகச் சிரித்தார். அன்றைக்கு என்னைப் பார்த்துச் சிரிக்காதது ராமநாதசாமி ஒருவர்தான், அதுவும் நான் உள்ளே போகாததால்.

கையில் எடுத்துப் பார்த்தேன். வாய் வட்டம், அடி சதுரம். ஒரு பூவைத் தூக்குகிற கனம்தான், ஆனாலும் கவிழ்த்து வைத்தால் அகன்ற வாய் கடற்காற்றுக்கும் அசையாமல் உட்கார்ந்தது. ஏழு வயதுக் கைக்குள் அடங்கும். கம்பளிப் பந்தை உள்ளே போட்டு மெதுவாகக் கவிழ்த்தேன். பந்து விழவில்லை. சதுர அடியின் மூலையில், ஓலைப் பின்னலில் மயிர் மாட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. கவிழ்த்த கொட்டான் தலையில் விரலால் ஒரு தட்டு. பொத்தென்று விழுந்தது, சத்தமே இல்லாமல். செம்புக் கிண்ணத்தில் பந்து விழாமல் கவிழ்க்கக் கை வேகம் வேண்டும். அதைப் பழக எனக்கு ஒரு வருடம் ஆனது. இதில் எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் கவிழ்க்கலாம், கிண்ணமே பந்தைப் பிடித்துக்கொள்கிறது. ஒன்றுக்குள் ஒன்று செருகாதுதான். அடியில் பள்ளமும் இல்லைதான். பாயிடம் நான் அடுக்கிய சட்டமெல்லாம் எனக்கு வேண்டியவை, தர்ஷினிக்கு வேண்டியவை அல்ல. ஒன்று நாற்பது ரூபாய். மூடியையும் சும்மாவே தந்துவிட்டார், "வச்சுக்கங்கண்ணே, மனசு மாறும்" என்று.

சாயங்காலம் சிக்கலில், கோழிக் கூட்டுக்குப் பின்னால், தர்ஷினிக்குப் பாடம் நடந்தது. மூலையில் பந்தை ஒட்டு. காலி என்று லேசாகக் காட்டு. கவிழ். தட்டு. தூக்கு. நான் தடுமாறிய இடத்திலெல்லாம் அவள் சொல்லிக்கொடுத்தாள். பித்தளை டம்ளர்களில் முருகேசன் விருந்தாளிகளுக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தார். மாமன் அன்பளிப்பு பேஷாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஞாயிறு காலை எட்டு மணி. நெருங்கிய சொந்தம் மட்டும். ஆனாலும் பிள்ளைகள் பட்டாளம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. அதில் தர்ஷினியின் சித்தப்பா மகன் ஒருவன் வாயைக் குவித்து 'ஒத்' என்று தொடங்கியதும் செல்வி முறைத்த முறைப்பில் மீதியை விழுங்கினான். தர்ஷினி என் மடியில். அவள் முதுகு என் நெஞ்சில் பட்டுக்கொண்டிருந்ததால் அவள் இதயம் அடிப்பது எனக்குத் தெரிந்தது. என்னுடையதும் அவளுக்குத் தெரிந்திருக்கும். முன்னால் மணைப் பலகை, மேலே மூன்று கொட்டான்கள்.

"தாடைய நல்லாப் புடிங்க தம்பி" என்றார் ஆசாரி. பிடித்தேன்.

முதல் கொட்டானைக் கவிழ்த்தாள், தட்டினாள், தூக்கினாள். பந்து! பிள்ளைகள் "ஏ...!" என்றார்கள். அதே நொடியில் வலது காதில் ஊசி இறங்கியது. "ஆ!" என்றாள். உடம்பு விறைத்தது. என் தொடையில் அவள் குதிகால் ஊன்றியது. போன தடவை எழுந்து ஓடிய இடம் இதுதான். செல்வி கண்ணை மூடிக்கொண்டாள்.

"ரெண்டாவது கிண்ணம் தாயி" என்றேன். 

மூக்கை உறிஞ்சிக்கொண்டு இரண்டாவதைக் கவிழ்த்தாள். தட்டினாள். தூக்கினாள். ஒன்றுமில்லை.

விழுந்துவிடக் கூடாதே என்று காலையிலேயே பந்தைக் கட்டைவிரலால் மூலைக்குள் அமுக்கி வைத்திருக்கிறாள். எனக்கு உடனே புரிந்தது. உதவிக்குப் போக எனக்குக் கை இல்லை.

"ஒண்ணுமில்ல! ஒண்ணுமில்ல!" என்று பட்டாளம் கத்தியது.

"இருங்கடா!" என்றாள். மறுபடி தட்டினாள். இல்லை. காதெல்லாம் சிவந்துவிட்டது, வலியால் அல்ல. "மாமா, வர மாட்டேங்குது மாமா." ஆசாரி எனக்கு இடது பக்கமாக வந்து குந்தினார். நான் அவள் தாடையை வலப் பக்கமாக ஒரு விரற்கடை திருப்பினேன். அவளுக்கு அதைக் கவனிக்க நேரமில்லை. கொட்டானை நிமிர்த்தி, விரலை உள்ளே விட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு நோண்டிக்கொண்டிருந்தாள். நோண்டி, பிய்த்து, பந்தை வெளியே இழுத்துத் தலைக்கு மேலே தூக்கினாள்.

"இந்தா இருக்கு பாரு! இருக்கா இல்லையா?"

யாரும் பந்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவள் இடது காதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அடுத்த காது எப்பக் குத்துவீக?" என்று ஆசாரியிடம் கேட்டாள்.

"குத்தியாச்சு தாயி. நான் சாப்புடப் போறேன்."

மெதுவாகக் கையைத் தூக்கித் தொட்டுப் பார்த்தாள். கம்பி இருந்தது. அந்தப் பக்கமும் தொட்டாள். அங்கேயும் இருந்தது. பிறகு வாயைத் திறந்து அழ ஆரம்பித்தாள் பாருங்கள், கண்மாயில் இருந்த கொக்கெல்லாம் எழுந்து பறந்தன. இரண்டு காதுக்கும் சேர்த்து, போன தடவைக்கும் சேர்த்து அழுதாள். ஆனால் மடியைவிட்டு இறங்கவில்லை. அழுகைக்கு நடுவே மூன்றாவது கொட்டானையும் தட்டித் தூக்கினாள். அதில் பந்து சரியாக விழுந்தது. செல்வி அழுததைப் பற்றி எழுதினால் நான் அழுததையும் எழுத வேண்டிவரும்.

அன்று மாலை நான்கு மணிக்குப் புறப்பட்டேன். கோயம்புத்தூரில் எங்கள் பஸ் நிறுத்தத்தில் ஒரு கால் படியில் இருக்கும்போதே விசில் கொடுத்துவிடுவார்கள். மந்திரவாதிக்கும் பில் போடுகிறவனுக்கும் ஒரே விசில்தான். சிக்கல் நிறுத்தத்தில் நான் ஏறி உட்கார்ந்த பிறகும் வண்டி நகரவில்லை. எட்டிப் பார்த்தேன். தர்ஷினி இரட்டைச் சடை போட்டு, முடியெல்லாம் இறுக்கிப் பின்னால் இழுத்துக் கட்டி, பஸ் படியில் மூன்று கொட்டான்களைக் கவிழ்த்து வைத்திருந்தாள். கண்டக்டர் குனிந்து நின்றார்.

"நடுவுல" என்றார். தூக்கினாள். இல்லை.

"அப்ப இது." இல்லை.

"ஏம்மா, அந்த ஓரத்துல பாரும்மா" என்று ஜன்னலிலிருந்து ஒருவர் இறங்கியே வந்துவிட்டார். ஓட்டுநர் என்ஜினை அணைத்தார். மூன்றாவதிலும் இல்லை. பந்து எங்கே என்று எனக்கும் தெரியவில்லை. சத்தியமாக நான் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

"எங்க பாப்பா வச்சிருக்க?" என்று கண்டக்டர் கெஞ்சினார்.

அவள் முகத்தை முதலில் இந்தப் பக்கம் திருப்பினாள், பிறகு அந்தப் பக்கம் திருப்பினாள், பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும்படி, அவசரமே இல்லாமல்.